தொண்டை கட்டிய வாரம்

ராயக்கோட்டை மண்டியில்
விடிகாலை நாலரைக்கு
தக்காளிக் கிரேட்டின் மேல் ஏறி நின்று
"எழுவது" என்று வாயைத் திறந்தேன்.
காற்றுதான் வந்தது,
பஞ்சரான டியூப் மாதிரி.

ஆளுக்கொரு வைத்தியம்.
அதிமதுரத்தைக் கன்னத்தில் அடக்கச் சொன்னான்
ஒரு லாரிக்காரன்.
சித்தரத்தை தட்டிப்போட்ட வெந்நீர்,
வேலித் தூதுவளைத் துவையல்,
முள் சரியாக எடுக்காததால் நாக்கில் ஒரு கீறல்.
ஆடாதோடைக் கஷாயம்:
அந்தக் கசப்புக்கு
ஊமையாகவே இருந்துவிடலாம்.
பாலில் மிளகு போட்டுக் கொடுத்த பெருமக்கா சொன்னாள்,
"மூணு நாள் பேசாதே, அதான் மருந்து."
கட்டினவளுக்கும் காது ஓய்வு வேண்டுமே.

என் இடத்தில் திம்மராஜ் கத்தினான்.
நான் கீழே, கிரேட்டுகளுக்கு நடுவில்.
மேலே நின்றவரை காதில் விழாத பேச்சு:
பறிகூலி முப்பது,
வண்டிக்கு இருவத்தஞ்சு,
உரக்கடை பாக்கி.
மாரண்டஹள்ளிக்காரி ஒருத்தி
விரல் மடக்கிக் கூட்டிக்கொண்டே வந்தாள்.
விரல் தீர்ந்ததும்
முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.
"தொண்ணூறு... ஒருதரம், ரெண்டுதரம்."
மூன்றாம் தரத்தை அவள் பார்க்கவில்லை,
சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள்
கரகரத்துக்கொண்டு குரல் திரும்பியது.
ஏறினேன்.
"நூத்தி இருவது" என்று ஆரம்பித்தேன்.
வியாபாரிகள் சிரித்தார்கள்.
"இன்னும் தொண்டை சரியாகல போலிருக்கே."

அதிமதுரத்தை இடக்கன்னத்துக்குத் தள்ளிவிட்டு
இன்னொரு தடவை சொன்னேன்.