கொடிவழியில் ஒரு சதுரம்

குதிகாலால் நடந்து காட்டுங்கள் என்பாள் ஹெல்வி.
போத்னியாக் கடலோரத்துச் சமையலறைகளில்
காப்பி ஆறிக்கொண்டிருக்கும்.
ஐம்பது வயது மீனவர்கள் காலணி கழற்றி
சுவரைப் பிடித்தபடி முயல்வார்கள்.
முன்பாதம் மேலே வராது.
குழந்தைகள் சிரித்துக்கொண்டே நடந்து காட்டும்.
அவள் குழந்தைகளைப் பார்க்கமாட்டாள்.

நான் இரத்தம் எடுப்பவன், குழாய்களுக்கு எண் எழுதுபவன்.
முப்பத்தோரு ஆண்டு அவள் வண்டியை ஓட்டியவன்.
பனியில் அதை இருமுறை பள்ளத்தில் இறக்கியவனும் நானே.

அந்த ஊரில் அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை.
கார்னா வீட்டு நடை என்றார்கள்,
கார்னா வீட்டு மூக்கு என்பதுபோல.
இருட்டில் படியேறும் செருப்பு
எந்தப் பலகையில் தட்டுகிறது என்பதை வைத்தே
வருவது யாரென்று சொல்லிவிடுவார்கள்.

தேவாலயப் பேரேடுகளில் எட்டுத் தலைமுறை தோண்டினாள்.
சுவர் நீளத் தாளில் கொடிவழி வரைந்தாள்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
கால் தடுக்கியவர்களுக்கு உள்ளே கருப்பு மை.
பிறகு ஒன்பது ஆண்டு.
பணம் மூன்று முறை நின்றது,
அவள் திருமணம் ஒருமுறை.

இரண்டாம் குரோமோசோமில் எல்லாரும் பொருந்தி வருவார்கள்,
குழாய் நாற்பத்தேழைத் தவிர.
வில்யோ கார்னா. நால்வரில் மூன்றாமவர்.
அவரும் கால் இழுப்பவர்தான்,
அவரிடம் மட்டும் அந்தத் துண்டு இல்லை.
அவரை நம்பி அந்தக் கதவைச் சாத்திவிட்டு
மற்ற கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

ஒரு நவம்பர். மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
பழைய குறிகள் இரண்டு வகைதான் காட்டும்,
புதிதாக வந்தது ஏழு வகை காட்டியது.
சகோதரர் மூவரும் இறந்த தகப்பனின்
இரண்டு பட்டைகளைப் பங்கிட்டிருந்தார்கள்.
வில்யோவிடம் இருந்தது வேறொன்று.
அடுத்த குறியிலும். அதற்கடுத்ததிலும்.
"கண்ணாடியைத் துடைத்துத் தா" என்றாள்.
துடைத்துத் தந்தேன்.
அப்போதும் வேறொன்றாகவே இருந்தது.

மறுவாரம் போனோம்.
முதல் முறை கம்பளிக் காலுறையை இறக்கச் சொல்லாதது எங்கள் பிழை.
முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், வெளுத்த தழும்பு.
"பதினேழு வயதில் மரக்கட்டை உருண்டது" என்றார்.
ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை.
அவராகவே, ஜன்னலிடம் சொல்வதுபோல:
"அதற்குமுன் ஊரார் என் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள்.
அதற்கப்புறம் காலைப் பார்த்தார்கள்.
அப்படியே அப்பன் நடை என்றார்கள்."

வெளிப்படியில் அண்ணன் தடுக்கும் சத்தம்.
நாங்கள் திரும்புவதற்குள் வில்யோ வாசலில் இருந்தார்,
இழுத்த காலோடு, இரண்டு கையும் நீட்டி.
பாதிச் சதைதான்.
முழுசாக ஆடியது.

நாற்பத்தேழை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டோம்.
உடம்பின் மிக நீளமான புரதத்தின் வால்முனையில்
சில எழுத்துகள் மாறியிருந்தன.
அச்சில் வந்த படத்தில் மூன்று சகோதரர்கள்.
அடிக்குறிப்பு: ஒருவர் சேர்க்கப்படவில்லை.
காரணம் கேட்டவர்களுக்கெல்லாம்
"மாதிரி கெட்டுப்போனது" என்றாள்.
அவள் சொன்ன ஒரே பொய்யா, தெரியாது.
எனக்குத் தெரிந்தது அது ஒன்று.

மருந்து இன்னும் வரவில்லை.
கணுக்காலுக்கு ஒரு தாங்கி உண்டு.
நடந்து காட்டிய குழந்தைகளில் பாதிப்பேர்
இப்போது அதை அணிகிறார்கள்.

ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டுவதற்கு முன்
சுவரிலிருந்து பழைய தாளைத் தானே இறக்கினாள்.
"கார்னா வீட்டில் கொடுத்துவிடு."
தான் வரவில்லை என்றாள்.

வில்யோ அதை மேசைமேல் விரித்து
சுருளும் மூலையில் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்தார்.
எண்பது வயது விரல்
எட்டுத் தலைமுறையின் ஊடே மெல்ல இறங்கி
நால்வரில் மூன்றாவதில் நின்றது.
உள்ளே கருப்பு அப்படியே இருந்தது.
எடுத்த விரலை வெளிச்சத்தில் பிடித்து
மை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.