ரெண்டு கிலோ

எங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தவர்
கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை.
அது அவருக்குத் தெரியாது.

ஈரத்துக்கு, பைக்கு, முத்தல் இலைக்கு,
பிறகு ஒன்றுக்குமே இல்லாமல்,
ஒவ்வொரு நிறுவையிலும்
"ரெண்டு கிலோ கழிவு" என்பார்
கொட்டாவி விடுகிற மாதிரி.

அன்றைக்கு மழை.
மடுவத்துத் தகரம்தான் முதலில் தொடங்கியது.
யோகமலர் உதடு பிரிக்காமல்
ம்ம்… என்று ஒன்றைப் பிடித்தாள்.
பல்வலியா என்று கேட்டேன்.
இல்லையென்று தலையாட்டினாள், விடவில்லை.
சந்தனமேரி மாதா கோயிலில் பாடுகிறவள்,
அதற்கு மேலே ஒன்றை வைத்தாள்.
ரெங்கம்மா இரண்டுக்கும் நடுவில் நுழைந்தாள்,
மஸ்கெலியா பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது போல.
என்னுடையது ஏறாத குரல்.
"நீ வாயை மட்டும் அசை" என்று
ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒதுக்கிவிட்ட குரல்.
அதை அடியில் போட்டேன்,
கானைத் தாண்டக் கல் போடுவது போல.
மூன்றும் அதில் ஏறி நின்றன.

கணக்கப்பிள்ளை நிமிர்ந்தார்.
"யாரது?"
வரிசையில் எல்லோருக்கும் வாய் மூடித்தான் இருந்தது.

மறுநாள் பதினேழு பேர்.
துரைக்கு என்னவென்று எழுதுவது?
முணங்கினார்கள் என்றா?
மூக்கால் பாடுகிறவளுக்குக்
கண் சும்மாதானே இருக்கிறது.
முள் எங்கே நிற்கிறதென்று
அந்தக் கிழமைதான் எல்லோரும் பார்த்தோம்.

சித்திரையில் ஹட்டனில் ஒரு கலைவிழா.
எங்கள் பக்கத்து மேடைகளில்
பெண்குரல் என்றால் ஒன்றே ஒன்று,
ஆண் பாடினால் பதில் சொல்ல.
நாங்கள் நாலு பேர், ஒரு மைக்,
பதில் சொல்ல எவரும் இல்லை.
தாளத்துக்கு யார் என்று கேட்டார் அறிவிப்பாளர்.
ஐந்து லீற்றர் எண்ணெய்க் கேனைத்
தூக்கிக் காட்டினாள் ரெங்கம்மா.
குழுவின் பெயர்?
நாங்கள் அதை யோசித்தே இருக்கவில்லை.
"ரெண்டு கிலோ" என்றாள் சந்தனமேரி.
கதிரைகளில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை.
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்,
நாலைந்து தோட்டத்துச் சிரிப்பு,
முடிய நேரமெடுத்தது.

ஆறுதல் பரிசு: ஆறு தேத்தண்ணிக் கோப்பை.
நாலு பேருக்கு ஆறைப் பிரிக்கத் தெரியாமல்
இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

"அது பாட்டா? பசுமாடு கத்துற மாதிரி"
என்றார் என் வீட்டுக்காரர்.
ராத்திரி உறக்கத்தில் அவரே முணங்கினார்,
என் பகுதியை,
சுருதி பிசகாமல்.
எழுப்பவில்லை.

பிறகு மேற்பிரிவில் ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள்.
பாதி நாள் வேலைக்கு விழுகிற கணக்கையே
பெயராக வைத்துக்கொண்டார்கள்: "அரைப் பேர்".
எங்களைவிட நன்றாகப் பாடுகிறார்கள்.
சந்தனமேரி ஒத்துக்கொள்ள மாட்டாள்.
அவர்களில் ஒருத்தி சங்கக் கூட்டத்தில் எழும்பி
மகப்பேற்றுக் காசு எங்கே என்று கேட்டாளாம்.
அதற்கு முன் அவள் தனியாகப் பேசி
யாரும் கேட்டதில்லை.
மைக்கில் நாலு பேர் தோள் உரச நின்றவளுக்கு
ஒற்றையாய் நிற்கும்போதும்
பக்கம் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும் போல.

யோகமலர் குவைத்துக்குப் போய்விட்டாள்.
கடன்.
வெள்ளிக்கிழமைகளில் அனுப்புவாள்
பதினோரு செக்கன் ம்ம்…
பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுகிறது,
யாரோ அவளை வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள்.
சட்டென்று நின்றுவிடும்.
எண்ணெய்க் கேனைக் கவிழ்த்து
அதன் மேல் ஃபோனை வைத்து
சுற்றி நிற்போம் மூன்று பேரும்.
பதினோராவது செக்கனுக்குப் பிறகு வருகிற
அந்தப் பள்ளத்தில்
யாருமே குரல் போடுவதில்லை.

கழிவு இப்போது ஒரு கிலோ.
பெயரை மாற்றுவோமா என்கிறாள் ரெங்கம்மா.
மற்ற ஒன்றும் வரட்டும் என்கிறேன்.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தபடியே கேட்கிறார்:
"இன்னைக்கு மூணு பேரா, நாலு பேரா?"