கணக்கில் ஏறாத வெள்ளிக்கிழமை

நீலக்கோடு நாங்கள், சமோவா.
சிவப்புக்கோடு தொங்கா.
இருபது ஆண்டு பிளைவுட் இறக்குமதி, கன மீட்டரில்,
திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு
ஒரே தாளில் வேண்டுமாம்.

ஆப்பியாவில் காலையிலிருந்து மழை.
சிவப்புக்கோடு ஓரிடத்தில்
தென்னையேறி மாதிரி விறுவிறுவென்று ஏறி
உச்சியைத் தொட்டு
அப்படியே பொத்தென்று விழுகிறது.
மேலாளர் எட்டிப் பார்த்தார்.
"அங்கே நல்ல வளர்ச்சி போல."

நூக்குவாலோஃபாவுக்குப் போன் போட்டேன்.
கலோலைனியும் நானும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை,
எட்டு வருடமாக எண்களைக் கொடுத்து வாங்குகிறவர்கள்.
"வளர்ச்சியா? புயலடி அது.
அந்த உச்சியில் இரண்டு ஷீட் என்னுடையது.
ஒன்று கூரைக்குப் போனது.
இன்னொன்று இன்னும் சன்னலில்தான் இருக்கிறது,
கண்ணாடிக்குக் காசு சேரவில்லை."
அவள் பின்னால் ஒரு குழந்தை
எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

அடிக்குறிப்பில் 'புயல்' என்று போட்டேன்.
எழுத்தளவு எட்டு.

பிறகுதான் எங்கள் கோட்டைப் பார்த்தேன்.
இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் ஒரு சின்னப் பள்ளம்.
பழைய பெட்டிகளில்,
கரையான் தின்றது போக மிச்சத்தில், ஒரு சீட்டு:
இருநூற்று நாற்பது ஷீட், பன்னிரண்டு மில்லிமீட்டர்,
இறங்கிய நாள் டிசம்பர் முப்பது, வெள்ளி.

அப்படி ஒரு நாள் எங்களுக்கு வரவே இல்லை.
அந்த வருடம் நாடே தேதிக்கோட்டைத் தாண்டிக் குதித்தது.
வியாழன் இரவு படுத்தோம்,
சனிக்கிழமை எழுந்தோம்.
முப்பதாம் தேதி பிறந்தவர்களுக்கு
அந்த வருடம் மட்டும் வயது எப்போது ஏறியதோ!
தொங்காக்காரர்களுக்கு மட்டும்
வெள்ளி வெள்ளியாகவே வந்து போயிற்று.
ஆக்லாந்தில் சீட்டு அடித்தவன்
தன் காலண்டரைப் பார்த்து அடித்திருப்பான்.

கணினி அந்தத் தேதியைத் துப்பியிருக்கிறது.
சுங்க எழுத்தர் தவுத்தியாங்கா
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்:
"எந்த நாளில் ஏற்ற?"
யாரும் பதில் எழுதவில்லை.
எட்டேகால் கன மீட்டர்.
சின்ன நாடு, அதற்கே கோடு நொண்டுகிறது.

வாங்கியவர் பெயரை அப்புறம்தான் படித்தேன்.
சவாயீத் தீவு, எங்கள் ஊர்ச் சபை.

அந்தக் கூடத்தின் தரை எனக்குத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பில்
முட்டி சிவக்க மண்டியிட்ட தரை.
என் கல்யாணத்தன்று
மாமனார் ஃபியாலுவா குதித்து ஆடியதில்
மேடையோரம் ஒரு பலகை விரிசல் விட்டது,
இன்றும் அங்கே கால் வைத்தால் முனகும்.
இல்லாத நாளில் வந்திறங்கிய மரத்தின்மேல்
இருநூறு பேர் உட்கார்ந்து பன்றிக்கறி தின்றோம்.
தாங்கியது.

மறுபடி கூப்பிட்டேன்.
"கலோலைனி, உன் வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் கடன் தருவாயா?
இருநூற்று நாற்பது ஷீட்டுக்கு மட்டும்."
அவள் சிரித்தாள், நெடுநேரம்.
"வேண்டாம்மா.
எங்கள் கோட்டில் ஏற்றினால்
மறுபடியும் வளர்ச்சி என்பார்கள்."

பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டேன்.
பென்சில் கேள்வி மட்டும் மங்கியிருந்தது.
அதன்மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதி
சீட்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.