குறிப்பெடுப்பவன்

ஃபேரர் பார்க் திடல், மூன்றாவது விளக்குக் கம்பம்.
அதனடியில் என் இடம்.
அரசாங்கச் சம்பளம், அரசாங்கப் பென்சில்.
மழை விட்டும் புல் காயவில்லை;
துறைமுகத்து ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்து நிற்கிறார்கள்.

செங்கமலம் மேடையேறுகிறாள். மேடை என்றால்
நான்கு சோடாப் பெட்டி, மேலே ஒரு பலகை.
ஒலிபெருக்கிக்கு அனுமதி தரவில்லை.
மூன்றாம் மாடியிலிருந்து
கச்சாங் பூத்தேக்காரரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"பதினான்கு மாதம். என்ன குற்றமென்று
அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.
விசாரிக்கவாவது விசாரியுங்கள்."
எழுதுகிறேன்.
"எங்களை ஆள்கிறவர்களை நாங்களே பொறுக்கி எடுத்தால்
கடல் வற்றிவிடுமா?"
எழுதுகிறேன்.
கடைசியில் ஒரே சொல்: விடுதலை.
திடல் முழுக்க அதைத் திருப்பிச் சொல்கிறது.
என் பென்சில் முனை ஒடிகிறது.

இரவு, ராபின்சன் ரோடு அலுவலகம்.
தட்டச்சுப் பொறிமேல் விரல்கள் நிற்கின்றன.
எந்த விடுதலை?
அவள் புருஷனுக்கா, இந்தத் தீவுக்கா?
முதலாவது என்றால் அது மனு.
இரண்டாவது என்றால்
அவளுக்கும் ஒரு பதினான்கு மாதம்.
துரையின் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.
நம்மிடம் ஒன்றுதான்.
இத்தனை நாள் அதை ஏழ்மை என்று நினைத்திருந்தேன்.

சிறிய சொல்லையே அடிக்கிறேன்.

துரை படித்துவிட்டு ஃபைலை மூடுகிறார்.
"கூட்டம் என்ன சொன்னது?"

"அவள் சொன்னதையேதான், சார்."