நான்குக்குப் பிறகு

காசிமேட்டில் எடைமேடைக்குப் பக்கத்தில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் கொஞ்சம் குட்டை.
அதில் உட்கார்ந்து எடை எழுதுவது என் வேலை.
பி.காம் படித்தவள் என்பதால்
பேர் போய் கணக்கு ஆகிவிட்டேன்.
"கணக்கு டீ சாப்ட்டுச்சா?"

அன்றைக்குத் தேசப்பன் படகின் சங்கரா.
தராசில் சிவப்பு எண் ஆடி ஆடி நின்றது.
நாற்பத்தாறு.
ஏலக்காரர் தனசீலன் எண்ணின் பக்கம் திரும்பவேயில்லை.
ஐஸ் லாரி பின்னால் வருவதைப் பார்த்தபடி
"நாப்பத்தொண்ணு" என்றார்,
யாருக்கோ விலாசம் சொல்வதுபோல.

நாப்பத்தொண்ணு என்றான் கூடை தூக்கியவன்.
செதில் சீவிக்கொண்டிருந்த அஞ்சலையும்
நிமிராமலே நாப்பத்தொண்ணு என்றாள்.
ஹோட்டலுக்கு வாங்க வந்தவர்
அதற்குள் பணத்தை எண்ணத் தொடங்கியிருந்தார்.

நான் நான்கு எழுதியிருந்தேன்.
நான்கில் யாருக்கும் தகராறு இல்லை.
அடுத்த கட்டம் காலி.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.
அந்த நொடி எனக்கு ஆறு தெரியவில்லை.
சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து
ஒரு குச்சி மட்டும் நின்றது.
பொய் எழுதப் போகிறோம் என்று தோன்றவேயில்லை.
ராத்திரி தூக்கமில்லை, கண்ணில் ஐஸ் புகை,
இத்தனை பேருமா தப்பாகப் பார்ப்பார்கள் என்று
எனக்கு எதிராக நானே
வக்கீல் வைத்துக்கொண்டிருந்தேன்.

பயம் என்று சொல்வார்கள் இதை.
பயமென்றால் வயிற்றைக் கலக்கும், எனக்குத் தெரியும்.
இது ஒரு சுகம்.
பாரிமுனை போகிற பஸ்ஸில், கூட்டத்தில்,
கம்பியை விட்டுவிட்டாலும் விழமாட்டோம் இல்லையா,
நாலு பக்கமும் உடம்புகள் தாங்கிக்கொள்ளுமே,
அந்தச் சுகம்.

தேசப்பனைப் பார்த்தேன்.
அவர் மீன். அவர் வலை. மூன்று ராத்திரி.
நீயாவது சொல்லேன்.

அவர் ஒரு தரம் தராசைப் பார்த்தார்.
பிறகு தன் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு
"நாப்பத்தொண்ணு தாம்மா, எய்திக்கோ" என்றார்.
"எஞ்சின் கடன் கீது அவராண்ட."

அவ்வளவுதான் நடந்தது.
அத்தனை பேரில், சொல்வதற்கு முன்
எண்ணைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.
அவர் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது.
அங்கே ஆறு இருந்தது,
எங்கேயும் போகாமல், மின்னிக்கொண்டு.

எழுதினேன்.
கை நடுங்கி அது கோணலாக விழுந்தது.
பூஜ்யம் என்றுகூடப் படிக்கலாம்.

தனசீலன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
நோட்டை ஒரு விரலால் தட்டி,
"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோ கணக்கு,
துட்டு நான் தர்றேன்" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலையும்.
பாதி வரை நானும் சிரித்தேன்.
என் வாய் அப்படிச் செய்யும் என்று
எனக்கே தெரிந்திருக்கவில்லை.

வெயில் ஏறியதும் தேசப்பன் வந்தார்.
நன்றி சொல்லத்தான் என்று எழுந்து நின்றேன்.
"உன்ன எவன் கேட்டான்?
நாளைக்கு டீசலுக்கு நான் யாராண்ட போவேன்?"
பதில் என்னிடம் இல்லை. இப்போதும் இல்லை.

மூன்று நாள் எனக்கு டீ வரவில்லை.
நாலாம் நாள் நாற்காலியில் வேறொரு பெண்,
அதே குட்டைக் காலுக்கு
அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.
எனக்கு அது தோன்றவேயில்லை பார், இரண்டு வருஷமாக.

இப்போது கொருக்குப்பேட்டையில்
எவர்சில்வர் பாத்திரக் கடை. இங்கும் தராசுதான்.
முதல் எண்ணை எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது.
முதலாளி நான் மனக்கணக்குப் போடுவதாக நினைக்கிறார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை
சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.
ஒரு தடவை வாடகை நாள்.
இன்னொரு தடவை
காரணம் எதுவும் இல்லை.