நாற்பதாவது ஓட்டம்

ஓர் ஓட்டத்துக்குப் பத்தொன்பது மணிநேரம்.
மண்டபம் ரயிலடிக்குப் பின்னால், மாடியறையில்,
இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே
என் கணினி கடலை அரைத்துக்கொண்டிருக்கிறது.

தூண்டில் வளைவு கட்டினால்
மணல் எந்தப் பக்கம் சேரும்?
கேட்டவர் படகுச் சங்கத்து இன்னாசி.
அவருக்கு ஒரே கேள்வி.
எனக்குத் தெரியாதவை ஐந்து:
காற்றின் வேகம், அலை சாய்ந்து வரும் கோணம்,
மணலின் பருமன், அடித்தரையின் சொரசொரப்பு,
வளைவின் நீளம்.

ஒவ்வொன்றுக்கும் மூன்றே அளவு வைத்தாலும்
இருநூற்று நாற்பத்து மூன்று ஓட்டம்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள்.
கூட்டமோ ஐந்து வாரத்தில்.
மின்வாரியத்தின் பங்கைக் கழித்தால்
மிஞ்சுவது நாற்பது.

நாலைக் கட்டிப்போட்டு
ஒன்றை மட்டும் திருகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
பார்க்க யோக்கியமான வழி.
ஆனால் கச்சான் தனியே தள்ளும் மணலும்
சாய்ந்த அலையோடு கூட்டுச்சேர்ந்து தள்ளும் மணலும்
ஒன்றல்ல.
கூடிச் செய்ததைத் தனித்தனியே விசாரித்தால்
இரண்டு பேரும் கையை விரிப்பார்கள்.

கீழக்கரையிலிருந்து நிலோபர், போனில்:
"மூலையிலேயே குந்தாதே.
ஒரு வரிசையில் ஒரு தடவைதான் கால் வைக்கணும்.
ஒண்ணை ஒண்ணு இடிக்காமப் பரப்பு.
எல்லாத்தையும் முதல் நாளே செலவழிச்சுடாதே."

இருபத்தைந்தை இறைத்தேன்.
பதினைந்தை முடிந்துவைத்தேன்.

பதினோராவது ஓட்டத்தின் பதினேழாம் மணியில்
பாம்பன் பக்கம் எங்கோ கம்பி அறுந்தது.
அறை கறுத்தது.
ஜன்னலுக்கு வெளியே நிஜக்கடல்
எதையும் சேமித்துவைக்காமல்
ஓடிக்கொண்டேயிருந்தது.

கிடைத்த இருபத்து நான்கு விடைகள்மேல்
ஒரு மதிப்பீட்டை விரித்தேன், துணிபோல.
ஓடிய இடங்களில் ஆணி அடித்தாற்போல் படிந்தது.
அவற்றைவிட்டு விலக விலக
காற்றடைத்து உப்பியது.
அதிகம் உப்பிய இடம் எதுவோ
அடுத்த ஓட்டம் அங்கே.

மணலின் பருமன் அநேகமாக ஒன்றுமே செய்யவில்லை.
கட்டிலுக்கடியில் அறுபது டப்பா மணல்
என்னைப் பார்க்கிறது.

முப்பத்தெட்டாவதில் ஒரு மடிப்பு:
வளைவு இருநூற்றுப் பத்து மீட்டருக்குள் என்றால்
மணல் கிழக்கே போகிறது.
இருநூற்று முப்பதைத் தாண்டினால் மேற்கே தங்குகிறது.
இடையில் மட்டும்
துறைவாயிலேயே உட்கார்ந்துவிடுகிறது.
நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது என்று
மூன்று படி வைத்திருந்தால்
அறியாமலே இதைத் தாண்டிக் குதித்திருப்பேன்.
முப்பத்தொன்பதாவதும் அதையே சொன்னது.

"பிளானில் இருநூற்றிருபது" என்றார் இன்னாசி,
சிரிக்காமல்.
பிறகு திரையில் ஓர் உப்பலைத் தொட்டார்.
"இங்க ஏன் ஓட்டல?"

கச்சான் உச்சத்தில் வீசும் மூலை அது.
"அந்தக் காத்துல படகு எடுப்பீங்களா?"

"நாங்க எடுக்க மாட்டோம்.
மணலு எடுக்குமே."

அவர் படியிறங்கிப் போனபின்
மீதமிருந்த ஒன்றை
அந்த மூலையில் வைத்தேன்.
இப்போது மணி ஆறு நாற்பது.
விசிறிகளின் சத்தம் கூடுகிறது.
நாளை ஒன்றே முக்கால்வரை
எனக்கு எதுவும் தெரியாது.