பணியாரச் சட்டியில் ஒரு நேர்ச்சை

மாஹிம் கோயில் வாசலில்
புதன்கிழமைக்கென்றே கடை விரிக்கிறவளிடம்
மெழுகில் எல்லாம் இருந்தன:
கை, கால், தலை, ஒரு ஜோடி கண்,
தொட்டில் பிள்ளை, இரண்டு மாடி வீடு,
துபாய் போக ஒரு விமானம்.

நான் கேட்டது இல்லை.
காது மந்தம்போல இருமுறை கேட்டாள்.
மூன்றாம் முறை தொட்டுக் காட்டினேன்,
இடது மார்பு.
"இதயத்தை எடுத்துக்கோ,
பக்கத்துலதானே இருக்கு" என்றாள்.

இதயத்துக்கு ஒன்றுமில்லை.
எக்கோ எடுத்தாயிற்று, கையெழுத்தோடு இருக்கிறது.
குர்லா ஸ்டேஷன் மூன்றாம் கவுண்டரில்
இருபத்தாறு வருஷம் டிக்கெட் கொடுத்தவள் நான்.
ஊர் பெயர் மாறி அச்சானால்
அபராதம் கட்டுகிறவன் பயணிதான்.
மாதாவிடம் மட்டும்
எப்படி மாற்றி எழுதிக் கொடுப்பது?

வெள்ளை மெழுகுவர்த்தி ஆறு வாங்கிக்கொண்டு
மழையில் நடந்தே வந்தேன் தாராவிக்கு.

முந்தின நாள் பரேலில்
டாக்டரம்மா கோப்பைத் திறந்துவைத்து
இந்தியில் ஆரம்பித்தவள் இங்கிலீஷுக்கு மாறினாள்.
பாஷை மாறும்போதே தெரிந்துவிடுகிறது.
மூன்றாம் கட்டம்.
அக்குள் வரைக்கும் போயிருக்கிறது.
நெல்லிக்காய் அளவு என்றாள்.
அரைநெல்லியா முழுநெல்லியா என்று
நாக்கு நுனி வரை வந்தது எனக்கு.
பக்கத்தில் சேசுராஜ்
குடையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.
தரையெல்லாம் தண்ணீர்.

பிழைக்க எத்தனை சதவீதம் என்று நான்தான் கேட்டேன்.
ஓர் எண் சொன்னாள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
அது எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களின் எண்.
என் கணக்கை
இன்னும் யாரும் திறக்கவே இல்லை.
"எப்ப ஆரம்பிக்கலாம்?"
"வியாழன்."
"சரி."

கிளாட்வின் நைட் ஷிஃப்ட் போன பிறகு
பணியாரச் சட்டியை எடுத்தேன்.
மெழுகை உருக்கி
ஒரே ஒரு குழியை மட்டும் நிறைத்தேன்.
இறுகுவதற்குள் ஒரு புளியங்கொட்டையை
உள்ளே அமுக்கினேன்,
கடிகாரத்தில் இரண்டு மணி நிற்கும் இடத்தில்,
ரிப்போர்ட்டில் இருந்தபடியே.

நடுராத்திரியில் என்ன வாசனை என்று
எழுந்து வந்தார் மனுஷன்.
பார்த்தார்.
செவ்வாயிலிருந்து சேர்த்துவைத்திருந்த அழுகையை
அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.
நான் கரண்டிக் காம்பால் நெம்பப் போனபோது
கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"ஆறட்டும் புஷ்பம்.
சூட்டோடு எடுத்தால் பிய்ந்துவிடும்."

வியாழன் விடிகாலை கோயிலில்
புதன்கிழமைக் கூட்டம் இல்லை.
மாதா கொஞ்சம் சாவகாசமாக இருந்தாள்.
நான் செய்ததை
மெழுகுக் கைகளுக்கும் கால்களுக்கும் நடுவில் வைத்தேன்.
பணியாரம் என்று நினைத்துவிடாதே தாயே,
இது நான்.
கொட்டை இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்.
அற்புதம் செய்வதும் செய்யாததும் உன் பாடு.
ஊசி குத்திக்கொள்வது, வாந்தி எடுப்பது,
முடி கொட்டினால் பெருக்கி அள்ளுவது
எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.
பரேலுக்கு எத்தனை தடவை என்றாலும் போவேன்.
ஒவ்வொரு தடவையும்
ரிட்டர்ன் மட்டும் கொடு.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள்:
"மரியா புஷ்பா!"
"மரியபுஷ்பம்" என்று திருத்திவிட்டுத்தான் எழுந்தேன்.
மருந்து சிவப்பு,
ரஸ்னா கரைத்ததுபோல.
முதல் சொட்டு இறங்கும்போது
சேசுராஜ் குடையை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு
என் கால்விரலைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து
ஆபீஸிலிருந்து சுரேகா காம்ப்ளே போன்.
கல்லாப்பெட்டி சாவி எங்கே என்று தேடுகிறாளாம்.
இரண்டாவது இழுப்பறை,
பேனா டப்பாவுக்குக் கீழே.
வேலை முடிந்ததும் அங்கேயே வை.
வேறு யாரிடமும் கொடுக்காதே,
நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.